நடைக்குழு தொடங்கலாமா? சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தொண்டர்களே முன்னின்று நடத்தும் நடைக்குழுக்களைப் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? – வாசகி, அம்மாபேட்டை

பதில்: தெருவில் நடப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம், அம்மா. சங்கம், சந்தா, பனியன், பேனர் எதுவும் வேண்டாம். மாறாத இடம், மாறாத நேரம், மற்றவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே வந்து நிற்கும் இரண்டு பேர், இவை போதும். ஒருவரை மட்டும் நம்பி நடக்கும் குழு, அவர் வீட்டில் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வந்தால் அத்தோடு நின்றுவிடும். ஆகவே இரண்டு பேர்.

நேரத்தை உங்கள் வீட்டு வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விடியற்காலை 5 மணி நடை, பணி ஓய்வு பெற்ற ஆண்களுக்குச் சரி. குழாயில் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி அனுப்பும் பெண்ணால் அந்த நேரத்தில் எப்படி வர முடியும்? பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு காலை 9 மணி அல்லது மாலை ஐந்தரை மணி வைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்துக் காலை 9 மணி வெயில் ஆகாது. அப்போது மாலைதான்.

முதல் மாதம் 20 நிமிடம் போதும். தொடங்குவதற்கு முன் நீங்கள் இருவரும் அதே நேரத்தில் அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். மூடாத சாக்கடை, எரியாத தெருவிளக்கு, குட்டி போட்ட நாய் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். இன்னொன்று, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின்போது கூட்டம் கலையத்தான் செய்யும். அதில் தவறில்லை. நடையை நிறுத்தும் அன்றே மறுபடி கூடும் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நடப்பது நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். தனியாகவே நடக்கலாமே, குழு எதற்கு? – வாசகர், ஜாகீர் அம்மாபாளையம்

பதில்: தனியாக நடந்து பழகியவர் அப்படியே தொடரட்டும். தெரிந்தும் நடக்காமல் இருப்பவர்களுக்காகத்தான் குழு. வெளிப்புற நடைக்குழுக்களைப் பற்றிய 42 ஆய்வுகளை, மொத்தம் 1,843 பேரின் தரவுகளைத் தொகுத்து 2015இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. சேர்ந்து நடந்தவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 3.7 புள்ளியும் கீழ் அளவு 3.1 புள்ளியும் குறைந்திருந்தன. மனச்சோர்வும் குறைந்திருந்தது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இடையில் விடாமல் தொடர்ந்திருந்தார்கள். எனக்கு இந்தக் கடைசி விவரம்தான் முக்கியம். நடக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு அவ்வளவு பலன் கிடைப்பதில்லை.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையர் பகுதிக் கிராமமொன்றில் வில்லியம் பேர்ட் என்ற குடும்ப மருத்துவர் 1990களில் தொடங்கிய நடைகள், தொண்டர்களின் கையில்தான் அந்த நாடு முழுவதும் பரவின. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இத்தனை பேரையும் மருத்துவர்களே கைப்பிடித்து நடத்த முடியாது.

கேள்வி: எங்கள் குழுவில் முப்பது பேர் இருந்தோம். இப்போது பதினொரு பேர்தான் வருகிறோம். எல்லோரும் நன்றாக நடப்பவர்கள். மற்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று புரியவில்லை. – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: ஐயா, நன்றாக நடப்பவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள் என்றால், குழு அவர்களுடைய வேகத்தில் நடந்திருக்கிறது என்று பொருள். யாருக்காகத் தொடங்கினீர்களோ, அவர்கள்தான் போய்விட்டார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று ஒரு தெருமுனையில் நின்று கவனித்தால் தெரியும். வேகமாக நடப்பவர்கள் முனைக்கு முதலில் வந்து காத்திருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். அதற்குள் அவர்களுக்கு மூச்சு சீராகிவிடுகிறது. பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரும் அம்மா முனையைத் தொட்டதும், “வந்துவிட்டீர்களா, போகலாம்” என்று எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவருக்கு ஒரு நிமிட ஓய்வும் இல்லை. தனக்காகப் பத்துப் பேர் நிற்கிறார்களே என்ற கூச்சம் வேறு. நான்காவது நாள் அவர் வரமாட்டார். கேட்டால் வீட்டில் வேலை என்பார்.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, தொண்டர்களில் ஒருவர் எப்போதும் கடைசி ஆளாக வர வேண்டும். யார் மிகவும் மெதுவாக நடக்கிறாரோ, அவருக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டே நடப்பதுதான் அவர் வேலை. குழுவிலேயே பொறுமைசாலியை இதற்குப் போடுங்கள். முன்னால் நடக்க யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். இரண்டாவது, தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கு வையுங்கள். 15 நிமிடம் ஆனதும் விசில் ஊதினால், யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே திரும்ப வேண்டும். இப்போது மெதுவாக வந்தவர்கள் முன்னால் இருப்பார்கள், வேகக்காரர்கள் பின்னாலிருந்து வருவார்கள். ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லோரும் புறப்பட்ட இடத்துக்கு வந்துசேர்வார்கள். காந்தி மைதானம் போலச் சுற்றி வரும் இடமானால் இந்தத் தொல்லையே இல்லை.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை உண்டு. நல்ல திட்டம். ஆனால் நேற்றுவரை நடக்காதவரை முதல் வாரமே அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

நின்றுபோனவர்களின் வீடுகளுக்கு நீங்களே ஒருமுறை நேரில் போய்வாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். புதிய ஏற்பாட்டை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. அன்று மட்டும் நடந்தால் பயன் உண்டா? – வாசகர், சிவதாபுரம்

பதில்: உண்டு, தம்பி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஓரிரு நாளில் சேர்த்துச் செய்பவர்களுக்கும் நன்மை இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் உங்களுக்கு நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்தே வேலை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பட்டறைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து 10 நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையை அது மட்டுப்படுத்தும்.

கேள்வி: எங்கள் குழுவில் பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள். போன வாரம் ஒருவருக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. தொண்டர்கள் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்? – வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: சர்க்கரை தாழ்ந்திருக்கக்கூடும். உட்கார வைத்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐ அழையுங்கள். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நடக்க வரக் கூடாது. நடையின்போது நெஞ்சு இறுகினாலும், வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலும் அங்கேயே நிறுத்திவிட்டு 108தான். “வாயுத் தொல்லையாக இருக்கும்” என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது பாதம். கடைசியில் வரும் தொண்டரின் கண் எல்லோருடைய கால்களிலும் இருக்கட்டும். ஒருவருடைய செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அவர் அது தெரியாமல் நாலு அடி போயிருப்பார். கவனக்குறைவு என்று விட்டுவிடாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருப்பதன் அடையாளம் அது. கல் குத்தினாலும் அவருக்குத் தெரியாது, புண் பெரிதான பிறகுதான் தெரியும். அவரை அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்புங்கள். குதிகாலைப் பிடிக்கும் பின்வார் உள்ள, மெத்தென்ற ரப்பர் பதித்த எம்.சி.ஆர். செருப்பு நல்லது. அவர் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம், கோயில் பிராகாரமாக இருந்தாலும்.

கேள்வி: நடைக்குழுவுக்கு வரும் ஒருவர் எடை குறைக்கும் பவுடர் விற்கிறார். தடுப்பது எப்படி? – வாசகர், சூரமங்கலம்

பதில்: நடை நேரத்தில் விற்பனை கூடாது, அரசியல் கூடாது, சீட்டுப் பிடிக்கக் கூடாது என்று முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். இனியாவது சொல்லுங்கள். அவர் நடக்க வரட்டும். பவுடர் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: ஏற்காட்டில் சமதரை எங்கே இருக்கிறது? எங்கள் குழுவில் மூட்டு வலிக்காரர்கள் அதிகம். – வாசகி, ஏற்காடு

பதில்: மூட்டுத் தேய்மானத்துக்கு நடை நல்ல மருந்து. ஏற்றத்தை விட இறக்கம்தான் முழங்காலுக்குப் பாரம். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நின்று போகலாம். இறங்கும்போது உடலின் எடை முழுவதையும் தொடைத் தசை தாங்கிப் பிடிக்க வேண்டும். அதனால் ஏரியை ஒட்டிய சாலை போலச் சாய்வு குறைந்த ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே போய் வாருங்கள். இறக்கத்தில் சிறு சிறு அடியாக வையுங்கள், கையில் ஒரு தடி இருக்கட்டும். நடந்த வலி மறுநாளும் நீடித்தால் அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைப் பத்து முறை செய்துவிட்டு நடையைத் தொடங்கினால் தொடைக்கு வலு ஏறும்.

கொண்டை ஊசி வளைவுச் சாலையில் குழுவாக நடக்கவே வேண்டாம். பனி மூடிய காலையில் வளைவில் திரும்பும் வண்டிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். எஸ்டேட் ஓரப் பாதைகளில் நன்றாக விடிந்த பிறகு நடங்கள். காட்டெருமை நின்றால் கைத்தட்டி விரட்டவோ படம் எடுக்கவோ வேண்டாம், சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மீதி நிமிடங்களை நாளைக்கு நடந்துகொள்ளலாம்.