கருப்பட்டி நிறம் வரும்வரை

கேள்வி: பிரெஞ்சு ஆனியன் சூப் வைத்தேன். கால் மணி நேரம் வதக்கியதில் வெங்காயம் ஓரம் கருகி, சூப் கசந்துவிட்டது. பிரெட்டும் கூழாகிவிட்டது. எங்கே தவறு? இது ஒரு ராஜா கண்டுபிடித்த சூப் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, செல்லூர், மதுரை

பதில்: கால் மணியில் வெங்காயம் வேகும், சிவக்காது. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வற்றுமுன் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு வெள்ளையாகவே நிற்கும்.

4 பேருக்கு 1 கிலோ பல்லாரி. மதுரை கீழமாரட் வீதியில் வாங்கினால் கழுத்து நன்றாகக் காய்ந்த காயாகப் பாருங்கள். சின்ன வெங்காயமும் ருசிதான், ஆனால் உரித்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். தலையிலிருந்து வேர்ப்பக்கமாக நீளவாக்கில் நறுக்குங்கள், இழை கரையாது. அடி கனமான சட்டியில் 50 கிராம் வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு. முதல் 10 நிமிடம் மூடி, பிறகு திறந்து, சிறு தீயில் 45 நிமிடமாவது. அடியில் பழுப்பு ஒட்டும்போதெல்லாம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள். சூப்பின் நிறமும் மணமும் அந்தச் சுரண்டலில்தான். சட்டி நிறைய இருந்தது இரண்டு கைப்பிடியாகச் சுருங்கி, கருப்பட்டி நிறத்துக்கு வர வேண்டும். சோடா உப்பு போட்டால் சீக்கிரம் சிவக்கும், இழை குழைந்துபோகும். வினிகரைக் கடைசியில் 1 டீஸ்பூன் விடுங்கள். முதலிலேயே விட்டால் வெங்காயம் விறைத்துக்கொள்ளும்.

1 டேபிள்ஸ்பூன் மைதா தூவி 2 நிமிடம் பிரட்டி, 1 லிட்டர் எலும்புச் சாறு ஊற்றி 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிரான்சில் மாட்டெலும்பு வழக்கம். ஆட்டெலும்பும் சரிதான், மஞ்சள் மட்டும் வேண்டாம்.

பிரெட் கூழானது அது ஈரமாக இருந்ததால். இனிப்பில்லாத, முந்தின நாள் பிரெட்டை எண்ணெயில்லாமல் தோசைக்கல்லில் மொறுமொறுவென்று காயவையுங்கள். மேலே கிரியேர் என்கிற சுவிஸ் சீஸ். கிடைக்காவிட்டால் மொசரெல்லாவும் செடாரும் பாதிப்பாதி. சீஸை உருக்க ஓவன் இல்லையென்றால் தோசைக்கல்லிலேயே பிரெட்டை மூடி வைத்து உருக்கி, பரிமாறும்போது சூப்பில் மிதக்கவிடுங்கள்.

பிரான்ஸ் ராஜா 15-ஆம் லூயி வேட்டை மாளிகையில் வெங்காயமும் வெண்ணெயும் ஷாம்பெய்னும் மட்டும் இருக்கக்கண்டு இதைச் செய்தார் என்பது வெறும் கதை. காய்ந்த ரொட்டிமேல் சாறு ஊற்றிச் சாப்பிடுவது அதைவிடப் பழைய ஏழைச் சாப்பாடு. சீஸ் மூடிய சூப்புக்குப் பேர் வாங்கித் தந்தது பாரிஸின் லே ஆல் சந்தை. விடியற்காலையில் மூட்டை தூக்குகிறவர்களும், இரவெல்லாம் கொண்டாடிவிட்டு வந்த பணக்காரர்களும் அங்கே ஒரே கடையில் குடித்தார்கள். நம் மதுரை சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போனதுபோல, அந்தச் சந்தையும் 1969-ல் ஊருக்கு வெளியே ரன்ஜிஸுக்குப் போய்விட்டது. சூப் மட்டும் பழைய இடத்து உணவகங்களில் இன்றும் கிடைக்கிறது.