வெட்டிய மரம் ஏன் மறுபடி துளிர்க்கிறது?

வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொல்லையில் ஐந்து சென்ட் இடம். நான்கு சீமைக்கருவேல மரங்களை ஆள் வைத்துத் தரையோடு வெட்டினோம். இரண்டே மாதத்தில் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் பத்துப் பன்னிரண்டு கிளைகள். மண்ணெண்ணெய் ஊற்றினால் செத்துவிடும் என்கிறார்கள். ஊற்றலாமா?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: வேண்டாம். எண்ணெயைப் பெரும்பாலும் வெட்டுவாயின் நடுவில்தான் ஊற்றுகிறார்கள். நடுவில் இருப்பது வைரம் பாய்ந்த கட்டை. அதற்கு ஏற்கெனவே உயிர் இல்லை. உயிர் பட்டைக்கு அடியில் இருக்கிறது. இந்த மரத்தின் தூர் மண்ணுக்குள் இறங்கி வேராக மாறும் கழுத்துப் பகுதியில், பட்டைக்குள் முளைக்கண்கள் உறங்கிக் கிடக்கும். மேலே மரம் இருக்கும்வரை அவை அசையா. தரையோடு வெட்டியதும் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும். பழைய வேர்த்தொகுதி முழுவதும் அவற்றுக்குச் சோறு போடுவதால்தான் இத்தனை வேகம். எண்ணெய் அங்கே சரியாகப் போய்ச் சேராமல் மண்ணில் இறங்கும். பக்கத்தில் கிணறு இருந்தால் அதற்கும் கேடு.

செய்ய வேண்டியது கழுத்தை வெளியே எடுப்பது. நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, மண் நெகிழ்ந்திருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். தூரைச் சுற்றி இரண்டடி தள்ளி வட்டம் போட்டு, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். பக்கவேர்களைக் கோடாலியால் நறுக்கிக்கொண்டே போய், தரைமட்டத்திலிருந்து குறைந்தது ஓரடி கீழே ஆணிவேரை வெட்டுங்கள். கழுத்துக்குக் கீழே மண்ணில் நின்றுவிடும் வேர் தானாகத் துளிர்ப்பது அரிது. ஆகவே வேரின் நுனிவரை தோண்டிக் கூலியை வீணாக்க வேண்டாம். மேலே அரையடி மிச்சம் வைத்தால்தான் வம்பு.

இன்னும் வெட்டாத மரம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தரையோடு அறுத்துவிடாமல் மூன்று நான்கு அடி உயரத்துக்கு அடிமரத்தை நிறுத்தி வையுங்கள். பக்கவேர்களை அறுத்த பிறகு அதில் கயிறு கட்டி ஆட்டினால், அந்த உயரமே நெம்புகோலாக உதவும். தரையோடு வெட்டிய தூரைப் பெயர்க்கக் கடப்பாரை பிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சுவருக்கு ஐந்தடிக்குள் இருக்கும் மரத்தை ஜேசிபியால் இழுக்க விடாதீர்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் போன வேர் சுவரையும் சேர்த்து அசைக்கும். முதலில் சுவர்ப் பக்கத்து வேரைக் கையால் வெட்டிவிட வேண்டும்.

குழியை ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். அரையடி மண், தண்ணீர், மிதி, மறுபடி அரையடி. இல்லாவிட்டால் அடுத்த மழையில் உள்வாங்கும். கட்டையையும் தூரையும் கரி மூட்டம் போடுபவர்கள் வாங்கிக்கொள்வார்கள். முள்கிளையை அன்றே ஒதுக்கிவிடுங்கள். காய்ந்த முள் செருப்பையும் துளைக்கும், சைக்கிள் டயரையும் துளைக்கும்.

வெட்டும் ஆளிடம் ஒருமுறைக்கு இருமுறை மரத்தைக் காட்டிச் சொல்லுங்கள். நாட்டுக்கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்ததுபோல் இடையிடையே சுருங்கிய காய். சீமைக்கருவேலத்துக்குப் பூ விரல்போல் நீண்ட கதிர், காய் சுருக்கமின்றி நீண்டிருக்கும். நாட்டுக்கருவேலத்தை வெட்டிவிட்டு வருந்துபவர்கள் நிறைய.

கேள்வி: சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டோம். மழை வந்ததும் அந்த இடம் முழுக்கப் பார்த்தீனியம், கோரை, கூடவே சின்னச் சின்னக் கருவேலங்கன்றுகள். மண்ணை ஆழமாகக் கொத்திப் புரட்டினால் சரியாகுமா?
– வாசகர், பரமக்குடி

பதில்: அதிகமாகும். நிழல் போனதும் வெயில் தரையைத் தொட்டது, தூர் தோண்டும்போது கீழ்மண் மேலே வந்தது. இரண்டும் விதைக்குக் கொண்டாட்டம். ஆழமாகப் புரட்டினால் இன்னும் கீழே கிடப்பவற்றையும் மேலே அழைத்து வருகிறீர்கள். கருவேலங்கன்றுகள் உதிர்ந்த நெற்றிலிருந்து வருகின்றன. ஆடு நெற்றைத் தின்றாலும் விதை செரிக்காது, புழுக்கையோடு வந்து நன்றாகவே முளைக்கும். ஆட்டெரு போடுகிறவர்கள் மக்க வைத்துத்தான் போட வேண்டும். கன்று சாண் உயரத்துக்குள் இருக்கும்போது, ஈரத்தில் வேரோடு பிடுங்கினால் வேலை முடிந்தது. கிள்ளி விட்டால் கழுத்திலிருந்து கிளைக்கும்.

பார்த்தீனியத்துக்குக் காலக்கெடு உண்டு: பூக்கும் முன். ஒரு செடி பதினைந்தாயிரத்துக்கும் மேல் விதை போடக்கூடியது. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் பலருக்கு வருகின்றன. பூக்காததை எருக்குழியில் போடலாம். பூத்ததை அங்கே போட்டால் விதையை நீங்களே தோட்டமெங்கும் இறைத்ததாகும். லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்துத் தெளிக்கும் முறை சாலையோரத்துக்குச் சரி, நாளை கத்தரி வைக்கப்போகும் மண்ணுக்கு ஆகாது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் கேட்டு எழுதுபவர்களுக்கும் சேர்த்து: அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைக் கொண்டே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அது முளைத்த செடியைத்தான் கொல்லும், மண்ணிலுள்ள விதையை ஒன்றும் செய்யாது.

கோரை வேறு ரகம். விதையை விடக் கிழங்கால்தான் பெருகுகிறது. கிழங்குகள் சரம்போல் கோத்துக்கொண்டிருக்கும், அதில் சில உறங்கும். ஈரமண்ணில் கொத்தினால் சரம் அறுந்து உறங்கியவையும் தனித்தனியாக முளைக்கும். ஆகவே கொத்துவது சித்திரை வெயிலில் மட்டும். முக்கால் அடி ஆழத்துக்குப் புரட்டி, கிழங்குகளை வெளியே காயவிட்டுப் பொறுக்குங்கள். கருப்புப் பாலித்தீன் விரித்தால் கூர்முளை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

இப்போது செய்யக்கூடியது: முளைத்ததை எல்லாம் அகற்றி, நிலத்தைச் சமப்படுத்தி, லேசாகத் தண்ணீர் விடுங்கள். பத்து நாளில் அடுத்த கூட்டம் முளைக்கும். களைக்கொத்தால் ஓரங்குலம் மட்டும் சுரண்டுங்கள். இதை மூன்று முறை செய்த பிறகு, சென்ட்டுக்குக் கால் கிலோ வீதம் சணப்பு என்ற பசுந்தாள் உரப்பயிரை நெருக்கமாக விதையுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. நாற்பத்தைந்து நாளில் பூவெடுக்கும்போது சணப்பை அறுத்து அங்கேயே மூடாக்காகப் பரப்பிவிடுங்கள். ஒரே பருவத்தில் தீராது, இரண்டு மழைக்காலம் பார்க்க வேண்டும்.

கேள்வி: மொட்டைமாடிச் சுவரில் அரசங்கன்று. பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெருங்காயத்தைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரல் பருமனுக்குள் என்றால் சுவரை நனைத்து வேரோடு இழுங்கள். பெரிதென்றால் பூச்சை உடைத்து, வேர் போன வழியே செங்கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு, ஒன்றுக்கு நான்கு சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். துண்டு வேர் தங்கினாலும் துளிர்க்கும்.

கேள்வி: வீட்டை ஒட்டிய தென்னையை வெட்டினோம். தூர் மூன்றடி நிற்கிறது. துளிர்க்குமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: துளிர்க்காது. தென்னைக்கு ஒரே குருத்து, அது உச்சியோடு போய்விட்டது. ஆனால் மக்கும் தூரிலும் கிடக்கும் தண்டிலும் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். வளர்ந்த வண்டு பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடையும். விரிந்த ஓலை கத்தரித்ததுபோல் தெரிந்தால் அதுதான். தண்டைப் பிளந்து காயவைத்து எரித்துவிடுங்கள், தூரைத் தோண்டி எடுங்கள். எருக்குழி இருந்தால் கிளறும்போது வெள்ளைப் புழுக்கள் அகப்படும், பொறுக்கிக் கோழிக்குப் போடலாம்.