டிப்போ ஊசி நிறுத்தி ஒன்பது மாதம்: சென்னைக்குப் பணம் கட்டலாமா?

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரிலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

“கலியாணமாகி இரண்டரை வருடம். வீடு கட்டி முடியும்வரை பிள்ளை வேண்டாமென்று, மூன்று மாதத்துக்கு ஒருக்கால் போடுகிற டிப்போ ஊசியை மூன்று தடவை போட்டேன். கடைசி ஊசி போட்ட மாதமே கணவர் கட்டாருக்குப் போய்விட்டார். இப்போது அந்த ஊசி போட்டு ஒன்பது மாதம். இடையில் 45 நாள் லீவில் வந்து போனார், வயிற்றில் நிற்கவில்லை. அப்போது எனக்கு மாதவிடாயும் வரவில்லை. கடந்த இரண்டு மாதமாகத்தான் வருகிறது, அதுவும் ஒழுங்கில்லாமல். ஊசி கர்ப்பப்பையை வறட்டிப்போட்டுது என்று மாமி வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்கிறார். டவுனில் ஓர் இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து, முட்டை குறைவு, டெஸ்ட் டியூப் முறைதான் வழி, மூன்று இலட்சம் முற்பணம் கட்டினால் சென்னையில் எல்லாம் ஒழுங்குபண்ணித் தருகிறோம் என்கிறார்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற தங்கச்சியோ, அது தற்காலிக முறை என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது என்கிறாள். யார் சொல்வது சரி? கணவர் அடுத்த மாதம் 60 நாள் லீவில் வருகிறார். என்ன செய்யலாம்?”

தங்கச்சி சொல்வதுதான் சரி, மகள். மாமி சொல்வது பிழை. டவுன்காரர் சொல்வது வியாபாரம். முற்பணம் கட்ட வேண்டாம்.

தங்கச்சியின் புத்தகத்தில் ஒரு குறை உண்டு. மீளக்கூடிய முறை என்று எழுதியவர்கள், மீள எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை எழுதவில்லை. பரீட்சைக்கு அது தேவைப்படாது. உங்களுக்குத் தேவைப்படுகிறது. டிப்போ ஊசியில் இருப்பது 150 மில்லிகிராம் ஹோர்மோன் மருந்து. அது தசைக்குள் தங்கி நின்று, மெல்ல மெல்லக் கரைந்து இரத்தத்தில் சேரும். அந்த மருந்து இரத்தத்தில் இருக்கும்வரை, முட்டையை வெளியே விடு என்ற கட்டளை மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது பாதுகாப்பில் இடைவெளி விழக்கூடாது என்பதற்காகத்தான். தொண்ணூறாம் நாள் மருந்து முழுவதும் தீர்ந்துவிடும் என்று அர்த்தமில்லை. கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்கச் சராசரியாக ஒன்பது, பத்து மாதம் எடுக்கும். சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். அதன்பின் மற்றப் பெண்களைப் போலவே கருத்தரிப்பார்கள். நிரந்தர மலட்டுத்தன்மையை இந்த ஊசி உண்டாக்குவதில்லை.

கர்ப்பப்பை வறண்டது என்ற பேச்சும், மாதவிடாய் வராததால் கெட்ட இரத்தம் உள்ளே தேங்கி நிற்கிறது என்ற பேச்சும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. ஊசி போட்ட காலத்தில் கர்ப்பப்பையின் உள்படலம் மெலிதாகவே இருக்கும். உதிர ஒன்றும் இல்லாததால் இரத்தமும் வராது. தேங்குவதற்கு உள்ளே எதுவுமில்லை. இதைக் கேட்டுப் பயந்து “கர்ப்பப்பை கழுவ” தனியார் இடங்களுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரணமில்லாமல் உள்ளே சுரண்டினால் தழும்பு விழுந்து, இல்லாத குழந்தைப்பேற்றுப் பிரச்சினை உண்மையாகவே வந்து சேரலாம். யார் கூப்பிட்டாலும் அதற்குப் போகாதீர்கள்.

இதில் சுகாதார சேவையில் உள்ள எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். கிளினிக்கில் ஊசியைப் போட்டு, அட்டையில் அடுத்த திகதியை எழுதி அனுப்புகிறார்கள். “இதை நிறுத்தினாலும் ஒரு வருடம்வரை பொறுக்க வேண்டி வரலாம். சீக்கிரம் பிள்ளை வேண்டுமென்றால் குளிசையோ ஆணுறையோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப்போ எடுங்கள்” என்று சொல்ல அரை நிமிடம் போதும். வரிசை நீளம், ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்கான விலையைத்தான் நீங்கள் இப்போது மாமியிடம் பேச்சாக வாங்குகிறீர்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். கருத்தடை ஏதுமில்லாமல் ஒன்றாக இருக்கிற தம்பதிகளில் ஏறத்தாழ 85 சதவீதமானோருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடும். நல்ல ஆரோக்கியமான இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாதத்தில் தங்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான். அதனால்தான் 12 மாதம் முயன்றும் சரிவராவிட்டால் பரிசோதனைக்கு வாருங்கள் என்கிறோம். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே வரவேண்டும். உங்களுக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கிறது? கலியாணத் திகதியிலிருந்து எண்ணினால் இரண்டரை வருடம். ஊசியிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம். உண்மையில் எண்ண வேண்டியது, ஊசியின் வேகம் அடங்கிய பிறகு நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களை. அவர் வந்து நின்ற 45 நாளும் உங்களுக்கு மாதவிடாயே திரும்பியிருக்கவில்லை. அநேகமாக முட்டையே வெளிவராத காலம். ஆகவே உங்கள் கணக்கு இன்னும் பூச்சியத்தில்தான் நிற்கிறது.

டவுனில் செய்தது ஏ.எம்.எச். பரிசோதனை. நீங்கள் அனுப்பிய அறிக்கைப் படத்தில் 2.1 நானோகிராம் என்ற இலக்கத்தைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, பக்கத்தில் “குறைவு” என்று கையால் எழுதியிருக்கிறார்கள். அச்சடித்த அறிக்கையில் அந்தச் சொல் எங்கேயும் இல்லை. 27 வயதில் 2.1 சாதாரண அளவு. அதைவிட, இந்தப் பரிசோதனை சூலகத்தில் மிச்சம் இருக்கும் முட்டைகளின் அளவை மட்டும் தோராயமாகக் காட்டும். இயல்பாகக் கரு தங்குமா தங்காதா என்பதைச் சொல்லாது. கருத்தடை ஹோர்மோன் பாவித்தவர்களுக்கு அந்த இலக்கம் சில காலம் இறங்கியும் காட்டலாம். டெஸ்ட் டியூப் சிகிச்சையில் எத்தனை முட்டை எடுக்கலாம் என்று மதிப்பிட உதவுகிற பரிசோதனையை, அந்தச் சிகிச்சைக்கே ஆள்பிடிக்கிற தூண்டிலாக ஆக்கிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட இடங்களை இனங்காண்பது கஷ்டமில்லை. மனைவியை மட்டும் சோதிப்பார்கள், கணவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கடைசி ஊசி எப்போது என்று கேட்கமாட்டார்கள். பற்றுச்சீட்டில் வைத்தியரின் பெயர் இருக்காது. இருந்தாலும் இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கத்தைக் கேட்டால் முகம் மாறும். கூட்டிப் போகிறவருக்கு அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று தரகு இருக்கும், அதையும் நீங்கள்தான் கட்டுவீர்கள். சென்னையில் நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள், கொழும்பிலும் இருக்கிறார்கள். தேவை வந்தால் எங்கள் பெண்நோயியல் நிபுணரே கடிதம் தந்து அனுப்புவார், தரகர் தேவையில்லை. டெஸ்ட் டியூப் முறையில் முதல் தடவையிலேயே பிள்ளை கிடைக்காதவர்கள்தான் அதிகம் என்பதையும் தரகர் சொல்லமாட்டார்.

பொதுவாக நான் எல்லோருக்கும் சொல்வது, ஒரு வருடம் முயன்று பாருங்கள், அதுவரை பரிசோதனை வேண்டாம் என்பதே. கணவர் வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்களுக்கு மட்டும் அதை மாற்றிச் சொல்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஒன்றாக இருந்த 12 மாதம் சேர, வருடத்துக்கு 60 நாள் லீவு கிடைக்கும் தம்பதிக்கு ஆறு வருடம் வேண்டும். அதுவரை காத்திருக்கச் சொன்னால் 33 வயதாகிவிடும். அதேநேரம் கரு தங்காத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் கணவரின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆகவே கணவர் வந்த முதல் வாரத்திலேயே அவரின் விந்துப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டால், அறிக்கை வரும்போது அவர் விமானநிலையத்தில் இருப்பார். பிறகு அடுத்த லீவுதான்.

விந்துப் பரிசோதனைக்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் உறவோ விந்து வெளியேற்றமோ இல்லாமல் இருக்கவேண்டும். ஆய்வுகூடம் தருகிற போத்தலில் முழுவதையும் சேகரித்து, ஒரு மணித்தியாலத்துக்குள், உடம்புச் சூடு ஆறாமல் கொடுக்கவேண்டும். திருக்கோவிலில் வீட்டில் எடுத்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் கொண்டுபோகிற கதை சரிவராது. சேகரிக்கத் தனி அறை உள்ள ஆய்வுகூடமா என்று முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். ஆணுறையில் எடுத்துக் கொண்டுபோனால் பரிசோதனையே பிழைத்துவிடும்.

அறிக்கை கைக்கு வந்ததும் நீங்களாக வாசித்துப் பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஒரு மில்லிலீற்றரில் 16 மில்லியன் விந்தணுக்கள், அசைவு 42 சதவீதம் என்பவை கீழெல்லை. ஒழுங்கான உருவமுள்ளவை வெறும் 4 சதவீதம் இருந்தாலே போதும். “96 வீதம் பிழை” என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் அதிகம். அதை அப்படிச் சொல்லிப் பயம் காட்டிக் குளிசை விற்கிறவர்களும் அதிகம். இலக்கம் குறைவாக வந்தால் இன்னொரு முறை செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது. விந்தணு உருவாகி வர ஏறத்தாழ மூன்று மாதம் எடுக்கும். அதற்கிடையில் வந்த ஒரு கடுமையான காய்ச்சலே எண்ணிக்கையை இறக்கிவிடும். அடுப்புச் சூடு, உலைச் சூட்டில் வேலையா, புகைப்பாரா, ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி போட்டாரா என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஆண் ஹோர்மோன். அது உடம்பைப் பெருப்பித்து, விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும்.

60 நாளில் உங்களுக்கு இரண்டு மாதவிடாய் வட்டம் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. முட்டை வெளிவந்தால் 12 முதல் 24 மணித்தியாலம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு ஐந்து நாள்வரை தாங்கும். எனவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும்தான் காலம். மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள் முட்டை வரும் என்று தங்கச்சி சொல்வாள். 28 நாள் வட்டம் உள்ளவருக்குத்தான் அது பொருந்தும். உங்கள் மாதவிடாய் இன்னும் ஒழுங்குக்கு வராததால் நாட்காட்டியையும் போனில் உள்ள செயலியையும் நம்பவேண்டாம். முட்டையின் வெள்ளைக்கருபோல் தெளிவாக, இழுத்தால் நூலாக வரும் திரவம் தெரிகிற நாட்கள்தான் நல்ல அடையாளம். அதைத் தேடிக்கொண்டு இருக்கவும் வேண்டாமென்றால், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருங்கள், போதும். லீவு முழுவதையும் பரிசோதனைக்கூடம் ஆக்கிவிடாதீர்கள்.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட பார்மசியில் குளிசை வாங்கிப் போட்டதாக. ஊசியிலிருந்து மீண்டுவரும் வட்டத்தை அது இன்னும் குழப்பும். உங்களுக்கு ஒழுங்கில்லாமல் வருவதற்கு ஒரு காரணம் இதுவாகவும் இருக்கலாம். கணவர் இங்கே நிற்கிற இரண்டு மாதமும் திருவிழா வந்தாலும் அந்தக் குளிசையைத் தொடவேண்டாம். அதே பார்மசியில் “முட்டை வளர” என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அதையும் ஸ்கான் பார்த்துத் தருகிற வைத்தியரின் சீட்டு இல்லாமல் போட்டால் இரட்டை, மும்மைக் கருவும், சூலகம் வீங்கி ஆஸ்பத்திரியில் படுக்கிற நிலையும் வரலாம்.

இந்த வாரமே உங்கள் பகுதி மிட்வைப்பைச் சந்தித்து, பிள்ளைக்குத் தயாராகிறோம் என்று சொல்லுங்கள். போலிக் அசிட் குளிசை இலவசமாகத் தருவார். கரு தங்குவதற்கு முன்பே தொடங்கவேண்டிய குளிசை அது. ருபெல்லாத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அவரே பதிவைப் பார்ப்பார். போடாதிருந்தால் போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்கவேண்டும், ஆகவே கணவர் வருமுன் முடித்துவிடுங்கள். கணவரின் அறிக்கையில் குறை வந்தால், அல்லது கடைசி ஊசியிலிருந்து 18 மாதம் கடந்தும் உங்கள் மாதவிடாய் ஒழுங்குக்கு வராவிட்டால், அக்கரைப்பற்று அல்லது கல்முனை வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கு இருவரின் அறிக்கைகளோடும் போங்கள். காலையில் அங்கே இலவசமாகப் பார்க்கிற அதே நிபுணரை மாலையில் பணம் கட்டிச் சனல் பண்ணித்தான் பார்க்கவேண்டும் என்றில்லை. வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கணவர் திரும்பிப் போய் மூன்று வாரத்தில், மாதவிடாய் வராவிட்டால், காலைச் சிறுநீரில் பார்மசியில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைக் கீற்றை வைத்துப் பாருங்கள். இரண்டு கோடு வந்து, கூடவே அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலியோ இரத்தப் போக்கோ இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.