வியர்வையோடு எது போகிறது?

கேள்வி: அண்ணை, பின்னேரம் 3 மணிக்கு உதைபந்தாட்டப் பயிற்சி. மூன்று போத்தல் தண்ணீர் குடித்தும் தலையிடிக்கிறது. ஏன்? (குருநகர்)

பதில்: தம்பி, பயிற்சி முடிந்ததும் உங்கள் கறுப்பு ஜேர்சியின் முதுகைப் பாருங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக வரி ஓடியிருக்கும், நாக்கில் பட்டால் கரிக்கும். போனது அந்த உப்புதான். ஒரு லீற்றர் வியர்வையில் பெரும்பாலும் அரை முதல் ஒன்றரைக் கிராம் வரை சோடியம் இருக்கும். 1 கிராம் சோடியம் என்றால் இரண்டரைக் கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டிக்குக் கிட்ட. பொற்றாசியம் 0.2 கிராம் அளவுதான். மகனீசியம், கல்சியம் அதிலும் கொஞ்சம்.

உப்பு போன உடம்புக்கு வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் ஐதாகிவிடும். தலையிடி அதனாலும் வரும், தண்ணீர் போதாமலும் வரும். எது என்று பார்க்க, பயிற்சிக்கு முன்னும் பின்னும் தராசில் ஏறுங்கள். 1 கிலோ குறைந்தால், குடித்ததைவிட ஏறத்தாழ 1 லீற்றர் கூடப் போயிருக்கிறது. நிறை கூடியிருந்தால் மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள். வாந்தியோ தடுமாற்றமோ வந்தால் தராசையெல்லாம் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: அப்படியென்றால் இளநீர் போதுமா?

பதில்: இளநீரில் பொற்றாசியம் தாராளம், சோடியம் குறைவு. நீங்கள் இழந்தது மறுவளமாக அல்லவா? நான் பிள்ளைகளுக்குக் கலப்பது: 1 லீற்றர் தண்ணீர், கால் தேக்கரண்டி உப்பு, 6 தேக்கரண்டி சீனி, ஒரு தேசிக்காய். சீனி வெறும் ருசிக்கு இல்லை, குடல் சோடியத்தை உள்ளே இழுக்க அது துணை. உப்புப் போட்ட மோரும் நல்லது. பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் உப்புத் தண்ணீரையும் இளநீரையும் வைத்தியரிடம் கேட்டே குடிக்க வேண்டும்.

கேள்வி: கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருக்கிறேன். காலையில் ஓடினால் என் தொப்பி மட்டும் உப்புப் பூக்கிறது. ஊர்க்காரருக்கு அப்படி இல்லையே?

பதில்: வியர்வை தோலுக்கு வரும் வழியிலேயே சுரப்பியின் குழாய் உப்பில் ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சிவிடும். வெக்கைக்குப் பழகிய உடம்பு இதைக் கூடுதலாகச் செய்யும். பழக ஒன்றிரண்டு கிழமை எடுக்கும், அதுவரை வெயில் ஏறமுதல் ஓடி முடியுங்கள். ஆளுக்கு ஆள் இயல்பாகவும் வித்தியாசம் உண்டு.

கேள்வி: தினமும் அரை மணித்தியாலம் நடக்கிறேன். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த பொடி) கரைத்துக் குடிக்கவா?

பதில்: வேண்டாம் அக்கா. அது வயிற்றோட்டத்துக்கானது. உங்களுக்குத் தண்ணீரும் வழமையான சோறு கறியும் போதும்.