சர்க்கரை உள்ள பூனைக்கு மலச்சிக்கல்

கேள்வி: எங்கள் பூனைக்கு 11 வயது, ஆண். எட்டு மாதமாகக் காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறோம். மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறான், அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. முக்கி முக்கி வாந்தியும் எடுக்கிறான். விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார் அம்மா. கொடுக்கலாமா டாக்டர்?
- வாசகி, திருச்சி

பதில்: விளக்கெண்ணெய் வேண்டாம்மா. வயிற்றை முறுக்கி, உடம்பில் இருக்கும் கொஞ்ச நீரையும் இழுத்துவிடும். வலுக்கட்டாயமாக ஊற்றும்போது எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்தும் உண்டு. மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமாவைத் தொடவே தொடாதீர்கள். அது பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

இன்னொன்றை உடனே பாருங்கள். அவன் முக்குவது மலத்துக்கா, சிறுநீருக்கா? மணல் தட்டில் ஈரம் இருக்கிறதா? ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் இப்படியேதான் உட்கார்ந்து முக்கும். ஈரமே இல்லையென்றால் ராத்திரியானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மலச்சிக்கல்தான் என்றால், அதன் வேர் பெரும்பாலும் சர்க்கரையில்தான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத பூனை சிறுநீராகவே நீரை இழக்கிறது. ஈடுகட்ட, பெருங்குடல் மலத்தில் உள்ள நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் புழுக்கை. வயதான பூனைக்குச் சிறுநீரகம் தளர்ந்தாலும், பொட்டாசியம் குறைந்தாலும் இதே நிலைதான். வாந்தியும் இருப்பதால் இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

என் வீட்டிலும் சர்க்கரை உள்ள ஒருத்தி இருந்தாள். கிண்ணத்தில் வைத்த தண்ணீரை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். நெத்திலியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைச் சாப்பாட்டில் கலந்தேன். நக்கி நக்கிக் குடித்தாள். நீங்களும் உலர் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஈர உணவுக்கு மாற்றுங்கள். ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் சர்க்கரை இறங்கும். பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் தாழ்சர்க்கரையில் பூனை மயங்கிவிடும். அந்த நாட்களில் வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மலமிளக்கி தேவைப்பட்டால், பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது ரத்தத்தில் அநேகமாகக் கலப்பதே இல்லை என்பதால் சர்க்கரைப் பூனைக்கு எனக்கு அதுதான் பிடித்தது. லாக்டுலோஸ் சிரப்பும் கொடுக்கலாம், ஆனால் அதில் கொஞ்சம் சர்க்கரை உண்டு. ஆரம்பித்ததும் ரத்தச் சர்க்கரை அளவைப் பாருங்கள். இசப்கோல், பரங்கிக்காய் எல்லாம் உடம்பில் நீர் சேர்ந்த பிறகுதான். வறண்ட குடலில் நார்ச்சத்தைத் திணித்தால் அடைப்புதான் கூடும்.

அவன் பின்னங்காலை எப்படி ஊன்றுகிறான் என்றும் கவனியுங்கள். சர்க்கரையால் நரம்பு தளர்ந்த பூனை, கணுக்கால் தரையில் படியத் தாழ்ந்து நடக்கும். அப்படியானவன் உயரமான தட்டில் ஏறிக் குந்த முடியாமல் மலத்தை அடக்கிக்கொள்வான். ஒரு பக்கம் விளிம்பைத் தாழ்வாக வெட்டிவிட்ட பிளாஸ்டிக் டப் போதும்.

இதற்குப் பிறகும் இரண்டு நாள் முழுக்க மலமே வராமல் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ காத்திருக்காதீர்கள். அவன் சாப்பிடாத காலையில், மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான இன்சுலினைப் போட்டுவிடாதீர்கள்.