அவன் முறையைத் தாண்டாதீர்கள்

கேள்வி: நான் எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லும்போது அவர்கள் முறை வந்தால், சங்கடப்படக் கூடாதே என்று அடுத்த பிள்ளைக்குத் தாண்டிவிடுவேன். போன மாதம் ஒரு நாவலின் ஒலிப்புத்தகத்தை அந்த ஐந்து பேருக்கும் ஹெட்போனில் போட்டுக் கொடுத்தேன். என்னால் நம்பவே முடியவில்லை. வாயே திறக்காத ஒரு பையன், கதாநாயகன் கடைசியில் எடுத்த முடிவு தப்பு என்று வகுப்பு முழுவதோடும் வாதாடினான். ஆனால் சக ஆசிரியர் ஒருவர், "இது ஏமாற்று வேலை, இனி இவர்கள் வாசிக்கவே மாட்டார்கள்" என்கிறார். அந்தப் பையனின் அப்பாவிடம் பேசினேன். "பள்ளிக்கூடத்துக்கு எதற்கு அனுப்புகிறோம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று போனை வைத்துவிட்டார். நான் செய்வது சரிதானே?
— ஓர் ஆசிரியை

பதில்: டீச்சர், ஒலிப்புத்தகத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் குத்தியது என்னவோ நடுவில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான். "அவர்கள் முறை வந்தால் அடுத்த பிள்ளைக்குத் தாண்டிவிடுவேன்." எத்தனை நாளாகத் தாண்டுகிறீர்கள்? உங்களுக்கு முன்னால் ஏழாம் வகுப்பில் இருந்தவரும், ஆறாம் வகுப்பில் இருந்தவரும் இதே நல்ல மனதோடு தாண்டியிருப்பார்கள். எட்டாம் வகுப்புவரை ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்து சேர்வது இப்படித்தான். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. தாண்டிக்கொண்டே இருந்தோம், அவ்வளவுதான்.

தாண்டினோம் என்று என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நானும் பல வருடம் வகுப்பில் நின்றவள். என்னிடம் ஒரு பையன் படித்தான். வாசிப்பு தொடங்கியதும் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுவான். அப்புறம் புத்தகத்தில் பாராக்களை எண்ணுவான். தன் தலையில் எந்தப் பாரா விழும் என்று கண்டுபிடித்து, உதடு அசைய அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பான். அவன் முறைக்கு முன்பே மணி அடித்துவிட்டால் அவன் தோள்கள் தளர்வது எனக்குத் தெரியும். பாவமாக இருந்தது. ஒருநாள் அவனைத் தாண்டிவிட்டேன். நிம்மதியாக நிமிர்ந்து பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் புத்தகத்தை மூடினான், பென்சிலை எடுத்துப் பெஞ்சின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தான். அதற்கப்புறம் அவன் பாரா எண்ணவே இல்லை. அந்த ஒரு பாராவுக்காகவாவது அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அதையும் நான் நிறுத்திவிட்டேன். அவன் முகம் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

அதற்காக நாற்பது பேர் முன்னால் அவனை எழுப்பி நிறுத்தித் திணற விடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கொடுமை. அவன் முறையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்: நீங்களும் அவனும் மட்டும், ஒரு மூலையில், பத்து நிமிடம். முறையே இல்லாமல் செய்துவிடாதீர்கள் என்பதுதான் என் சண்டை.

இப்போது ஹெட்போனுக்கு வருகிறேன். அந்த ஐந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர்கள் முன்னால் அச்சுப் புத்தகம் திறந்திருந்ததா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. மற்றவர்கள் புத்தகத்தை வாசிக்க, அந்த ஐந்து பேர் காதில் மட்டும் ஹெட்போனா? அப்படியென்றால் யாரால் வாசிக்க முடியாது என்பதை வகுப்புக்கே காட்டிக் கொடுத்துவிட்டீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வெட்கம் எப்படி உறைக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அதோடு, புத்தகம் மூடியிருக்கக் கதை மட்டும் காதில் ஓடியிருந்தால், நீங்கள் அவனை இன்னொரு முறை தாண்டியிருக்கிறீர்கள். இந்தத் தடவை கொஞ்சம் இனிமையாக.

உங்கள் பையன் வாதாடியது உங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது என்கிறீர்கள். எனக்கு இல்லை. 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். சூட்டிகையான பையன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவன் இல்லை, ஆனால் வாசிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் இருக்கிறது. இன்று டிஸ்லெக்சியா என்று சொல்கிறோமே, பிள்ளைகளிடம் அதைக் கண்டு எழுதப்பட்ட முதல் பதிவுகளில் அது ஒன்று. அந்த ஆசிரியர் அன்றைக்குக் கண்டதைத்தான் நீங்கள் போன மாதம் கண்டீர்கள். அறிவு அவனிடம் எப்போதும் இருந்தது. அதற்குப் போகிற வழி அடைபட்டிருந்தது.

"ஏமாற்று வேலை" என்கிற சக ஆசிரியருக்கு நான் அதிக நேரம் கொடுக்க மாட்டேன். அச்செழுத்தை வாசிக்க முடியாதவர்களுக்கு அவர்களால் படிக்கக்கூடிய வடிவத்தில் புத்தகம் கிடைக்க வேண்டும் என்று 2013-ல் மராக்கேஷ் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தமே செய்துகொண்டன. பார்வையற்றவர்களோடு வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வரும் பிள்ளையை ஏமாற்றுக்காரன் என்று அவர் சொல்வாரா? ஆனால் அவர் சொன்னதில் இரண்டாவது பாதியை, "இனி வாசிக்கவே மாட்டார்கள்" என்பதை, நான் தள்ளிவிட மாட்டேன்.

1986-ல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஒலிப்புத்தகம் இரண்டாவது பக்கத்தை நன்றாக ஊட்டி வளர்க்கும். புதுச் சொற்கள் வரும், நீளமான வாக்கியங்கள் பழகும், உலகம் தெரியும். வாசிக்காத பிள்ளைக்கு இதெல்லாம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகும். கூடப் படிப்பவர்கள் புத்தகம் புத்தகமாகச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு முன்னால் போய்விடுவார்கள். அந்த இழப்பை ஒலிப்புத்தகம் தடுக்கும். அதனால் அதை நிறுத்தாதீர்கள். ஆனால் முதல் பக்கத்துக்கு, அந்த எழுத்துக்கு, அது தானாக எதுவும் செய்யாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

எப்படி என்று கேட்பீர்கள். முதலில் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போடுங்கள். வகுப்பு முழுவதும் கேட்கட்டும், எல்லோர் கையிலும் புத்தகம் திறந்திருக்கட்டும். யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். பிறகு அந்த ஐந்து பேர் பக்கம் நடந்து போய் விரலைப் பாருங்கள். விரல் குரலோடு ஓடுகிறதா, இரண்டு சொல் பின்தங்கி ஓடுகிறதா, இல்லை ஒரே இடத்தில் நின்றுவிட்டதா? நின்றுவிட்டதென்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஆங்கில ஒலிப்புத்தகங்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொல் வேகத்தில் ஓடும். எழுத்துக்கூட்டுகிற கண்ணால் அதைத் துரத்த முடியாது. கேட்கும் செயலியிலேயே வேகத்தை முக்கால் பங்காகக் குறைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். குரல் இழுவையாகக் கேட்டாலும் பரவாயில்லை.

கதையைக் கேட்டு ரசித்தது போதாது. அதிலிருந்து ஒரு சின்னப் பகுதி, பத்துப் பன்னிரண்டு வரி, எடுத்துக்கொள்ளுங்கள். குரலோடு கண் ஓட இரண்டு முறை. குரலோடு சேர்ந்து முணுமுணுத்தபடி இரண்டு முறை. அப்புறம் குரலை நிறுத்திவிட்டு அவன் மட்டும். இது ஒன்றும் நான் கண்டுபிடித்தது இல்லை. 1976-லேயே கேரல் சாம்ஸ்கி என்ற ஆய்வாளர், தட்டுத் தடுமாறி வாசித்த எட்டு வயதுப் பிள்ளைகள் சிலரிடம் கதையையும் அதன் ஒலிநாடாவையும் கொடுத்து, சரளமாக வரும்வரை புத்தகத்தைப் பார்த்தபடி கேட்க வைத்து எழுதியிருக்கிறார். உங்கள் பிள்ளைகள் அவர்களைவிடப் பெரியவர்கள், அதனால் ஒரு எச்சரிக்கை: பொடிசுகளின் கதையைக் கொடுத்து அவமானப்படுத்தாதீர்கள். மீசை அரும்புகிற பையனுக்கு முயல் கதை வேண்டாம். அவனுடைய வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ற புத்தகத்தில் அவனால் வாசிக்க முடிகிற பத்து வரியைத் தேடி எடுப்பது உங்கள் வேலை.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தம், நீளமான சொல்லை எங்கே பிரிப்பது, இதையெல்லாம் தினமும் கொஞ்சம் நேரடியாகச் சொல்லிக்கொடுங்கள். எட்டாம் வகுப்பில் இதையா என்று கூச்சப்படாதீர்கள். அவனுக்குத் தெரியவில்லை, நீங்கள் ஆசிரியை. அந்த ஐந்து பேரின் கண்ணையும் காதையும் பரிசோதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சிறப்புக் கல்வி தெரிந்த ஒருவர் அவர்களைப் பார்க்கவும் வழி செய்யுங்கள். எதற்காக வாசிக்க முடியவில்லை என்று யாருமே பார்க்காமல் ஐந்து பிள்ளைகள் எட்டு வகுப்பு கடந்து வந்திருந்தால், அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த அப்பா. "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது பெற்றவர் பேசுகிற பேச்சா? பள்ளிக்கு அனுப்பியதோடு தகப்பன் கடமை முடிந்துவிடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற பேச்சே இல்லை. அப்படியும் அவரை அதோடு விட்டுவிடாதீர்கள். வாசிப்புச் சிரமம் குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு. அவரும் ஒரு காலத்தில் பாரா எண்ணி உட்கார்ந்திருந்த பையனாக இருக்கலாம், அவரையும் யாராவது தாண்டியிருக்கலாம். "வீட்டில் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள்" என்று நீங்கள் கேட்டிருந்தால் அவர் போனை வைத்ததன் அர்த்தம் எனக்குப் புரிகிறது. மறுபடி கூப்பிடுங்கள். வாசிக்கச் சொல்லாதீர்கள். "ராத்திரி இருபது நிமிடம் இந்தக் கதையைப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள். அவன் மடியில் புத்தகம் திறந்திருந்தால் போதும்" என்று மட்டும் சொல்லுங்கள். வாசிக்கவே தெரியாத தகப்பனாலும் அது முடியும். அதற்கும் மறுத்தால் அம்மாவிடம் பேசுங்கள், தாத்தாவிடம் பேசுங்கள், அக்காவிடம் பேசுங்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையோடு இருபது நிமிடம் உட்கார ஒருவர்கூட இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். டியூஷனுக்கு அனுப்புகிறோம் என்று பதில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளையைத் தாண்டிப் போக அதுவும் ஒரு வழி.

சரி, நாளைக்கு என்ன செய்வது? வாதாடினானே, அந்தப் பையனைச் சாயங்காலம் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள். கதாநாயகன் எடுத்த முடிவு தப்பு என்றாயே, அவன் அந்த முடிவை எடுக்கிற இடம் எங்கே இருக்கிறது, எனக்குக் காட்டு என்று கேளுங்கள். கதை முழுவதும் அவனுக்குத் தெரியும், ஆனால் அந்த வரி எப்படி இருக்கும் என்று அவன் பார்த்திருக்க மாட்டான். தேடட்டும். உத்தேசமாக எந்த அத்தியாயம் என்று மட்டும் நீங்கள் சொல்லலாம். கண்டுபிடித்ததும் வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள், அதற்குள் வராவிட்டால் சொல்லைச் சொல்லிக்கொடுங்கள், மேலே போகட்டும். வரி முடிந்ததும் அதே வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். இடையில் மணி அடித்தாலும் எழுந்திருக்காதீர்கள்.