தன்னால முளைக்கிற பைலுகள்: வந்த கேள்வியளும் என்ர பதிலும்

(நாங்கள் கையால எழுதாம, பில்ட் ஓடேக்க வேறொரு கருவி, அதான் ஜெனரேற்றர், எழுதித் தாற கோட் பைலுகளைப் பற்றின கதை.)

கொக்குவிலில இருந்து: அண்ணை, பில்ட் பண்ணுற மேக் கருவியைச் சும்மா ஓட்டினா பில்ட் வருது, எட்டு வேலையை ஒரேநேரத்தில ஓட்டச் சொல்லி -ஜே8 போட்டா சிலநேரம் பார்சர் ஹெடர் இல்லையெண்டு நிக்குது, திருப்பி அடிச்சா ஓடுது. பேய் பிசாசோ?

பேயில்லைத் தம்பி. இலக்கண விதியில இருந்து பார்சர் கோட்டை எழுதித் தாற பைசன், மற்ற சி பைலுகள் சேர்த்துக்கொள்ளுற ஹெடர் பைலை எழுதி முடிக்க முதலே இன்னொரு சி பைல் கொம்பைலுக்கு வெளிக்கிட்டிட்டுது. முதல்தரம் ஓடேக்க அந்த ஹெடர் தேவையெண்டு மேக்குக்குத் தெரியாது, எந்த சி பைலுக்கு எந்த ஹெடர் வேணுமெண்டு கொம்பைலர் -எம்எம்டி போட்டா எழுதுற .டி பைலும் அப்ப பிறந்திருக்காது, அதால மேக்பைலில, கொம்பைல் பண்ணி வாற ஒப்ஜெக்ட் பைலுகளின்ர விதியில ஹெடரை ஓடர்-ஒன்லியா (முதல்ல இருந்தாக் காணும் எண்டு), அதான் | எண்ட நெட்டுக்கோட்டுக்குப் பிறகு, எழுதிவிடுங்கோ. இன்னொண்டு, பைசன் ஒரே ஓட்டத்தில சி பைல், ஹெடர் ரெண்டையும் தரும், ஆனா ரெண்டையும் இடப்பக்கம் எழுதி வெறும் முக்காற்புள்ளி போட்டா மேக் அதை ரெண்டு தனி விதியா எடுத்து பைசனை ரெண்டுதரம் ஓட்டி ஒண்டுக்கு மேல ஒண்டு எழுதவிட்டிடும். 2020ல வந்த க்னூ மேக் 4.3ல இருந்து முக்காற்புள்ளிக்கு முன்னால & போட்டா ஒரே குழுவா எடுக்கும். எனக்கு இது பிடிபட ரெண்டு நாள் போனது, என்ர பழைய லப்டொப்பில ரெண்டே கோர், அங்க ஒருநாளும் பிழைக்கேல்லை, சேர்வரில மட்டும் விழுந்துகொண்டு நிண்டது.

பருத்தித்துறை: கரண்ட் போய் வந்தாப்பிறகு ஜெனரேற் பண்ணின பைல் பாதியில நிக்குது, மேக் எல்லாம் சரியெண்டுது?

மேக் பாக்கிறது பைல் கடைசியா மாறின நேரத்தை மட்டும்தான், 1976ல பெல் லாப்ஸில ஸ்டூவர்ட் பெல்ட்மன் எழுதினதில இருந்து அதான் கதை. ஜெனரேற்றரை வேறொரு தற்காலிகப் பேரில எழுதவிட்டு, வடிவா முடிஞ்சா மட்டும் எம்வி கட்டளையால சரியான பேருக்கு மாத்துங்கோ. பாதிப் பைலை மேக்கே அழிக்கச் சொல்லுற .டிலீட்_ஒன்_எரர் வரியும் நல்லது, ஆனா அது வேலை செய்யிறது ஜெனரேற்றர் பிழையோட முடிஞ்சாத்தான், கரண்ட் போனா மேக்கும் சேந்தெல்லோ சாகுது.

சாவகச்சேரித் தங்கச்சி: ஜெனரேற் பண்ணின பைலை, கோட்டின்ர பதிப்புகளைச் சேமிக்கிற கிட்டில கொமிற் பண்ணி வைக்கிறதோ?

பொதுவா வேண்டாம், அதைப் பிறப்பிக்கிற .புரோட்டோ மாதிரி மூலப் பைலை மட்டும் வைச்சாக் காணும். கிட் பைலின்ர நேரத்தை வைச்சிருக்காது, குளோன் பண்ணேக்க எது புதுசெண்டது குருட்டு அதிஷ்டம், பைசனே இல்லாத மெஷினில மேக் பைசனைத் தேடும். ஆனா மற்றவை எடுத்துப் பாவிக்கிற, கோ மொழியில எழுதின லைப்ரரியெண்டா கொமிற் பண்ணத்தான் வேணும், கோ பில்ட் கட்டளை, பைலுகளைப் பிறப்பிக்கிற கோ ஜெனரேட் கட்டளையைத் தன்பாட்டில ஓட்டாது. அப்பிடியெண்டா சிஐல, அதான் கோட் மாறேக்க தன்னால பில்ட் ஓட்டிப் பாக்கிற இடத்தில, திருப்பி ஜெனரேற் பண்ணி கிட் டிஃப் பாத்து, வித்தியாசம் வந்தா பில்டை விழுத்துங்கோ.

மானிப்பாய்: ஜெனரேற் பண்ணின பைலைக் கையால திருத்தினன், காலமை பாத்தா திருத்தினதைக் காணேல்லை.

முதல் வரியில ‘டு நொட் எடிற்’ எண்டு கிடந்ததே, வாசிக்கேல்லையோ? அந்தப் பைலைப் பிறப்பிக்கிற டெம்பிளேற்றைத் திருத்துங்கோ ஐசே.